கிளி இறகு உதிர்க்கும் காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூண்டுத் தட்டில் திடீரென்று இறகுகள் குவிகின்றன. கழுத்தில் முள் முள்ளாக ஏதோ துருத்திக்கொண்டு நிற்கிறது. நேற்று வரை தோளில் ஏறி விளையாடிய கிளி, இன்று கை நீட்டினால் கொத்துகிறது. பெரும்பாலும் இது நோயல்ல, பழைய இறகைக் கழித்துப் புதிது போடும் காலம். இந்த வேலையைக் கிளி தானாகவே செய்துகொள்ளும். வளர்ப்பவர் பார்க்க வேண்டியது சாப்பாடு, தூக்கம், தண்ணீர் ஆகிய மூன்றையும்தான். தேவையில்லாமல் கை வைக்காமல் இருப்பது நான்காவது.

கிளி ஏன் இறகை உதிர்க்கிறது?

வளர்ந்து முடிந்த இறகு நம் நகம், முடி மாதிரி உயிரில்லாத பொருள். கிழிந்தால் ஆறாது, தேய்ந்தால் வளராது. அலகால் கோதி இழைகளை ஒன்றோடொன்று மாட்டிச் சரிசெய்யலாம், அவ்வளவுதான். வெயிலும் உராய்வும் பட்டு நைந்த இறகு உடல் சூட்டைக் காக்காது, பறக்கவும் உதவாது. அதனால் அது விழுந்து, அதே குழியிலிருந்து புதியது முளைக்கிறது.

எப்போது தொடங்குவது என்பதைப் பகலின் நீளமும், தைராய்டு மற்றும் இனப்பெருக்க ஹார்மோன்களும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. முட்டையிட்டுக் குஞ்சு வளர்த்து முடித்த பிறகு உதிர்ப்பது வழக்கம். இரண்டுமே உடலை உறிஞ்சும் வேலைகள் என்பதால் பறவை அவற்றை ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொள்வதில்லை.

எத்தனை முறை? எவ்வளவு நாள்?

இனத்துக்கு இனம் மாறும். பெரிய கிளிகள் பொதுவாக வருடத்துக்கு ஒரு சுற்று. பட்ஜி, காக்கடீல் போன்ற சிறியவை வருடத்தில் இரண்டு முறை கூட உதிர்க்கும், இடையிடையே லேசாகவும் உதிர்க்கும். பட்ஜியில் கடுமையான கட்டம் இரண்டு மூன்று வாரங்களில் அடங்கிவிடும். ஆப்பிரிக்க சாம்பல் கிளி, அமேசான் கிளி போன்றவற்றில் இரண்டு மூன்று மாதம் மெல்ல மெல்ல நடக்கும். மக்காவ் போன்ற பெரிய கிளிகளில் சில நீண்ட சிறகு இறகுகள் ஒரே வருடத்தில் மாறாமல் அடுத்த சுற்றுக்குத் தங்கிவிடுவதும் உண்டு.

குஞ்சுக்கு முதல் உதிர்ப்பு தனிக்கதை. பட்ஜிக் குஞ்சின் நெற்றியில் மூக்கு வரை ஓடும் வரிகள் மூன்று, நான்கு மாதத்தில் மறைந்து நெற்றி வெளுக்கும். காக்கடீல் ஆறு மாதத்துக்குப் பிறகுதான் பெரிய பறவையின் நிறத்துக்கு மாறத் தொடங்கும். முதல் சுற்றில்தான் வளர்ப்பவர்கள் அதிகம் பயந்துபோகிறார்கள்.

விழுவதில் ஒழுங்கு ஏதும் உண்டா?

உண்டு. அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் முதல் துப்பு. சிறகின் வெளிப்பகுதியில் பக்கத்துக்குப் பத்து நீண்ட இறகுகள், வாலில் பன்னிரண்டு. கிளிகளில் சிறகு உதிர்ப்பு நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் நகரும். இடது சிறகில் ஒன்று விழுந்தால், சில நாளில் வலது சிறகில் அதே இடத்து இறகும் விழும். இப்படி ஜோடியாக, இடைவெளி விட்டு விழுவதால் பறக்கும் திறன் முழுதாகப் போவதில்லை.

உடம்பு இறகுகள் அங்கங்கே உதிரும், ஆனால் வெறும் தோல் தெரியும் அளவுக்கு வழுக்கை விழக்கூடாது. இதற்கு விலக்குகள் சில உள்ளன. இறக்கையின் அடிப்பக்கத்தில் இயல்பாகவே இறகில்லாத பட்டைகள் இருக்கும். மஞ்சள் வெள்ளை நிறத்து லுட்டினோ காக்கடீலுக்குக் கொண்டைக்குப் பின்னால் வழுக்கை பிறவியிலேயே உண்டு.

கழுத்தில் முள் முள்ளாக நிற்பவை என்ன? வலிக்குமா?

அவை முளைத்து வரும் புதிய இறகுகள், முள் இறகு என்று சொல்லலாம். மெல்லிய உறைக்குள் இறகு சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். வளரும்போது தண்டுக்குள் ரத்தம் ஓடும், அதனால் அடிப்பாகம் கருநீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ தெரியும். அந்த இடத்தைத் தொட்டால் வலிக்கும். முளைக்கும் இடத்தில் அரிப்பும் இருக்கும்.

இறகு வளர வளர ரத்தம் மேலிருந்து கீழாகப் பின்வாங்கும். உறை காய்ந்து, வெளுத்து, தூளாக உதிரும். தூரிகை முனை போல இறகு எட்டிப் பார்க்கும். கிளி அலகால் உறையைக் கொறித்து நீக்கிவிடும். அலகு எட்டாத இடங்கள் தலையும் கழுத்தும் மட்டுமே. ஜோடிக் கிளி இருந்தால் அது கோதிவிடும்.

தனிக்கிளிதான் வைத்திருக்கிறேன். உறையை நான் உதிர்த்துவிடலாமா?

தலை, கழுத்து இரண்டில் மட்டும், கிளி தானாகத் தலையைக் குனிந்து கொடுத்தால் மட்டும் செய்யுங்கள்.

பளிச்சென்ற வெளிச்சத்தில் ஒரு முள்ளைப் பாருங்கள். முனையில் வெள்ளையாக, காய்ந்த காகிதம் போல உறை இருக்கிறதா? அடியில் கருமை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? கருமைக்கு மேலே உள்ள வெளுத்த பகுதியை மட்டும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டுங்கள். தயாராக இருந்தால் பொடியாகக் கொட்டும். கொட்டவில்லை என்றால் அதற்கு இன்னும் நாளாகவில்லை, விட்டுவிடுங்கள். நகத்தால் கீறாதீர்கள். விரலை இறகு வளரும் திசையிலேயே நகர்த்துங்கள், எதிர்த்திசையில் வளைத்தால் வேரில் வலிக்கும். குளித்துச் சற்று நேரம் கழித்து உறை இளகியிருக்கும்போது செய்தால் சுலபம்.

கிளி சட்டென்று கத்தினாலோ, திரும்பிக் கடித்தாலோ, இன்னும் ரத்தம் ஓடும் முள்ளைத் தொட்டுவிட்டீர்கள் என்று பொருள். அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். முதுகு, வாலடி, இறக்கைக்கு அடியில் தடவிக்கொடுக்கும் பழக்கம் எப்போதுமே வேண்டாம். அங்கே தடவுவது இணைசேரும் ஹார்மோன்களைத் தூண்டும்.

என்ன சாப்பாடு தரலாம்? அளவு?

இறகில் பத்தில் ஒன்பது பங்கு புரதம், பெரும்பகுதி கெரட்டின். அதற்குக் கந்தகம் உள்ள மெத்தியோனின், சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் நிறையத் தேவை. வெறும் விதை மட்டும் தின்னும் கிளிக்கு இங்கேதான் இடிக்கும். சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம். விதைகளில் வைட்டமின் ஏ மிகக் குறைவு, கால்சியமும் போதாது. தோலும் இறகுக் குழியும் ஒழுங்காக இயங்க வைட்டமின் ஏ அவசியம்.

ஏற்கெனவே பெல்லட் (சத்துகளைக் கலந்து சிறு உருண்டைகளாக விற்கும் கிளித் தீவனம்) தின்று பழகிய கிளிக்கு அதுவே அடிப்படையாக, சாப்பாட்டில் பாதிக்கு மேல் இருக்கட்டும். கூடவே கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சிவப்புக் குடைமிளகாய், அடர்பச்சைக் கீரை கொடுங்கள். கிழங்கை வேகவைத்துக் கொடுப்பது நல்லது. புரதத்துக்கு மிகச் சுலபமான வழி முட்டை. பத்து நிமிடமாவது கொதிக்கவைத்து, கெட்டியானதும் நசுக்கிக் கொடுங்கள். பட்ஜிக்கு அரை டீஸ்பூன், காக்கடீலுக்கு ஒரு டீஸ்பூன், சாம்பல் கிளி அளவுள்ளதற்கு ஒரு டேபிள்ஸ்பூன், வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். இரண்டு மணி நேரத்துக்குமேல் கிண்ணத்தில் கிடந்தால் எடுத்துக் கொட்டிவிடுங்கள். நன்கு வெந்த பயறு வகையும் நல்லது. காய்ந்த அவரை, பீன்ஸ் விதைகளைப் பச்சையாகக் கொடுக்கவே கூடாது. கால்சியத்துக்குக் கணவாய் ஓடு ஒன்று கூண்டில் எப்போதும் தொங்கட்டும்.

அதிகமாகக் கொடுத்தால் சீக்கிரம் முளைக்கும் என்பது தவறான கணக்கு. முட்டை தினமும் கொடுத்தால் பெண் கிளி முட்டையிடும் மனநிலைக்குப் போகலாம். சிறுநீரகக் கோளாறு உள்ள பறவைக்குப் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். அவகாடோ, சாக்லேட், காபி, டீ, வெங்காயம், பூண்டு, உப்பு போட்ட தின்பண்டம் எந்தக் காலத்திலும் ஆகாது.

இன்னொன்று: விதையிலிருந்து பெல்லட்டுக்கு மாற்ற இது நேரமல்ல. புது உணவைக் கண்டு முகம் திருப்பும் கிளி எடை இழக்கும். உதிர்ப்பு முடியட்டும்.

தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சொட்டு தேவையா?

பெல்லட் தின்னும் கிளிக்குத் தேவையில்லை. ஏ, டி3 இரண்டும் உடலில் தங்கிச் சேரும் வைட்டமின்கள், மேலே மேலே கொடுத்தால் நஞ்சாகும். தண்ணீரில் கலந்த வைட்டமின் வெளிச்சத்தில் சிதையும், அந்தத் தண்ணீரில் பாக்டீரியா சீக்கிரம் பெருகும். சுவை பிடிக்காமல் கிளி தண்ணீரைக் குறைத்துக்கொண்டால் அது இன்னொரு தொல்லை. குறைபாடு இருப்பதாக மருத்துவர் சொன்னால், அவர் சொல்லும் அளவில் உணவின் மேல் தூவிக் கொடுங்கள்.

குளிக்க வைக்கலாமா?

கட்டாயம். அரிப்புக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. சுத்தமான தெளிப்பான் பாட்டிலில் வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். முகத்தில் நேராகப் பீய்ச்சாமல், தலைக்கு மேலே உயர்த்தித் தூவுங்கள், சாரல் மாதிரி இறங்க வேண்டும். கிளி இறக்கையை விரித்து உடம்பை ஆட்டினால் அதற்குப் பிடித்திருக்கிறது. ஒடுங்கி விலகினால் தெளிப்பானை வைத்துவிட்டு, அகலமான தட்டில் ஒரு விரல்கடை ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள். ஈரமான கீரை இலைகளின் மேல் புரண்டு குளிக்கும் பட்ஜிகளும் உண்டு.

வாரத்தில் மூன்று நான்கு நாள், விரும்பினால் தினமும். காலையில் குளித்தால் தூங்கப் போவதற்குள் காய்ந்துவிடும். சோப்பு, ஷாம்பு, எண்ணெய், கற்றாழைச் சாறு எதுவும் வேண்டாம். எண்ணெய் பட்ட இறகு ஒட்டிக்கொண்டு உடல் சூட்டைக் காக்கும் வேலையை இழக்கும். ஹேர் டிரையரும் வேண்டாம். சிலவற்றின் உள்ளே ஒட்டாத பூச்சு இருக்கும், அது சூடாகிக் கிளம்பும் புகை பறவையை நிமிடங்களில் கொல்லும். ஒட்டாத தோசைக்கல், வாணலி அளவுக்கு மீறிச் சூடானாலும் இதே ஆபத்துதான்.

அறை மிக வறண்டிருந்தால் உறை கெட்டிப்பட்டு நாள் இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் இருந்தால் நல்லது.

தூக்கம், வெளிச்சம், கூண்டு: எதை மாற்ற வேண்டும்?

இருட்டில், சத்தமில்லாமல் 10 முதல் 12 மணி நேரத் தூக்கம். டிவி ஓடும் ஹாலில் கூண்டின் மேல் துணி போர்த்திவிட்டால் தூக்கம் ஆகிவிடாது, சத்தம் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். காக்கடீல் வைத்திருப்பவர்கள் மட்டும் ஒரு மங்கலான இரவு விளக்கு போடுங்கள். அவை இருட்டில் திடுக்கிட்டுக் கூண்டெங்கும் மோதுவதில் பேர்போனவை. அப்படி மோதும்போதுதான் முளைக்கும் சிறகு இறகுகள் ஒடிகின்றன.

உடம்புப் போர்வை குறைந்திருப்பதால் குளிர் சீக்கிரம் ஏறும். கூண்டை ஏசி, மின்விசிறிக் காற்று நேரே படாத இடத்துக்கு நகர்த்துங்கள். வெப்பம் தர வேண்டியிருந்தால் வெளிச்சம் தராத செராமிக் விளக்கைக் கூண்டுக்கு வெளியே, ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு போதுமென்றால் கிளி மறுபக்கம் நகர இடம் வேண்டும்.

வாலும் சிறகும் குறைந்த கிளி தடுமாறும். உயரமான குச்சியை ஒரு படி இறக்கிவையுங்கள்.

கொத்துகிறது, பேசுவதில்லை, பகலிலும் தூங்குகிறது. இது சரியா?

ஓரளவு சரி. உடம்பெல்லாம் முள் குத்தும்போது யாருக்குத்தான் கொஞ்சல் பிடிக்கும்? கூண்டுக்குள் கை விட்டுத் தூக்காமல், அதுவாக வரும்போது எடுங்கள். புதுப் பயிற்சி எதையும் தொடங்க வேண்டாம். அலகுக்கு வேலை தர, கிழித்துப் போட வெறும் காகிதம், மெல்லிய மரத்துண்டு, பனையோலை மாதிரி எதையாவது மாட்டிவையுங்கள். இல்லையென்றால் அது தன் இறகையே கடிக்கத் தொடங்கும்.

ஆனால் உதிர்ப்பில் உள்ள கிளி, சோர்ந்தாலும் சாப்பிடும், கூப்பிட்டால் கவனிக்கும். நாள் முழுக்க உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, கூண்டுத் தரையில் உட்காருவது, எச்சம் நீர்த்தோ நிறம் மாறியோ போவது ஆகியவை உதிர்ப்பின் அடையாளங்களே அல்ல. அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

உடம்பு இளைக்கிறதா என்று எப்படித் தெரியும்?

கண்ணால் தெரியாது, இறகு மறைத்துவிடும். ஒரு கிராம் துல்லியம் காட்டும் சமையலறை எடை மெஷின் வாங்கி, காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, சாப்பிடுவதற்கு முன் நிறுத்துங்கள். தினமும் குறித்துவையுங்கள். ஓரிரு சதவீத ஏற்ற இறக்கம் சாதாரணம். வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்கக் கூடாது. 90 கிராம் காக்கடீலுக்கு அது வெறும் 9 கிராம்.

வளரும் இறகு ஒடிந்து ரத்தம் வருகிறது. என்ன செய்வது?

முதலில் ஒரு கணக்கு. பறவையின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ரத்தம். அதில் பத்தில் ஒரு பங்கு போனாலும் ஆரோக்கியமான கிளி தாங்கும். 35 கிராம் பட்ஜிக்கு அது 0.35 மில்லி, அதாவது ஏழு சொட்டு. 450 கிராம் சாம்பல் கிளிக்கு 4.5 மில்லி. சுவரில் தெறித்ததைப் பார்த்து நடுங்க வேண்டாம், சின்னப் பறவை என்றால் மெத்தனமாகவும் இருக்க வேண்டாம்.

1. மெல்லிய துண்டால் கிளியைப் பிடியுங்கள். மார்பை அழுத்தவே கூடாது. பறவைக்கு உதரவிதானம் இல்லை, மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு.
2. எந்த இறகு என்று தேடுங்கள். தண்டு ஒடிந்த இடத்தில் கார்ன்ஃப்ளவர் மாவை அப்பி, சுத்தமான காஸ் துணியால் இரண்டு மூன்று நிமிடம் விடாமல் பிடியுங்கள். இடையில் எடுத்து எட்டிப் பார்த்தால் உறைந்தது பிய்ந்துவிடும்.
3. நின்றதும் சிறிய பெட்டியிலோ கூண்டிலோ வைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, ஒரு மணி நேரம் கவனியுங்கள்.
4. ஐந்து நிமிடத்திலும் நிற்கவில்லை, அல்லது நின்று நின்று மறுபடி கசிகிறது என்றால் அழுத்திப் பிடித்தபடியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

ஒடிந்த இறகைப் பிடுங்கிவிடு என்பது பழைய அறிவுரை. கடும் வலி, கிழியும் தோல், சேதமாகும் இறகுக்குழி, சில நேரம் இறக்கை எலும்பு முறிவு வரை போகும். அதை மயக்கமோ வலிமருந்தோ கொடுத்து மருத்துவர் செய்யட்டும். நகத்துக்கென்று விற்கும் ரத்தம் நிறுத்தும் பொடியைத் தோலில் போட்டால் எரியும், இறகைக் கோதும்போது வயிற்றுக்குள்ளும் போகும்.

இந்தச் சமயத்தில் சிறகு வெட்டலாமா?

வேண்டாம். புதிதாக நீளும் இறகுக்கு இரு பக்கமும் முழு இறகுகள் அணைவாக நிற்க வேண்டும். பக்கத்தில் எல்லாம் வெட்டிக் குட்டையாக இருந்தால் அது மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு, முதல் மோதலிலேயே ஒடியும். ஏற்கெனவே வெட்டிய கிளிக்கு உதிர்ப்பு முடிந்ததும் பறக்கும் திறன் திரும்பிவிடும், கதவு ஜன்னலில் கவனம் தேவை.

உதிர்வதா, பிடுங்கிக்கொள்வதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

தலையைப் பாருங்கள். உடம்பெல்லாம் மொட்டையாகி, தலை இறகு மட்டும் குலையாமல் அழகாக இருந்தால், அலகு எட்டும் இடமெல்லாம் கிளியே பிடுங்குகிறது. விழுந்த இறகையும் பாருங்கள். இயல்பாக விழுந்தது முழுசாக, தண்டின் நுனி மூடி, சுத்தமாக இருக்கும். பிடுங்கியதில் வேரில் ரத்தமோ சதையோ ஒட்டியிருக்கலாம், கடித்தது ஓரம் பிய்ந்திருக்கும்.

புது இறகே கோணலாக, அடியில் இறுக்கிக் கட்டியது போலக் குறுகி, உறை கழலாமல் வந்தால் அலகு இறகு நோயைச் சந்தேகிக்க வேண்டும். சர்க்கோவைரஸால் வருவது, இறகுத் தூசியாலும் எச்சத்தாலும் மற்றக் கிளிகளுக்குப் பரவும். மாதிரி எடுத்துச் செய்யும் பி.சி.ஆர். பரிசோதனையில் தெரியும். முடிவு வரும்வரை அந்தக் கிளியைத் தனியறையில் வையுங்கள். இறகு கொட்டினாலே பேன், உண்ணி என்று முடிவுகட்டி மருந்து தெளிப்பவர்கள் உண்டு. கூண்டுக்கிளிகளில் அது காரணமாக இருப்பது அரிது, அந்த மருந்தின் நெடி நுரையீரலுக்குக் கேடு.

புது இறகில் குறுக்கே கோடுகள் இருக்கின்றன. நிறமும் மாறியிருக்கிறது.

குறுக்குக் கோடு, அந்தப் பகுதி வளர்ந்த நாட்களில் உடம்புக்கு ஏதோ தடை வந்ததன் பதிவு: பட்டினி, காய்ச்சல், பயம், இடமாற்றம், சில மருந்துகள். ஓரிரண்டு இறகில் இருந்தால் விடுங்கள், எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில் இருந்தால் அந்த வாரம் என்ன நடந்தது என்று யோசியுங்கள். அந்த இடத்தில் இறகு எளிதில் ஒடியும். பச்சை இறகு கறுத்தோ மஞ்சளித்தோ வந்தால் உணவுக் குறைவு அல்லது கல்லீரல் கோளாறு இருக்கலாம், ரத்தப் பரிசோதனை செய்வது நல்லது.

வருடம் முழுக்க உதிர்ந்துகொண்டே இருக்கிறதே?

விளக்கு எத்தனை மணிக்கு அணைகிறது என்று பாருங்கள். ஒருநாள் ஒன்பது மணிக்கும் மறுநாள் நடுநிசிக்கும் அணைந்தால் உடம்புக்குப் பருவம் தெரியாது. உதிர்ப்பு முடிவில்லாமல் இழுப்பதற்கு இது அடிக்கடி காணும் காரணம். தினமும் ஒரே நேரத்தில் இருட்டாக்கி இரண்டு மாதம் பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீடெல்லாம் வெள்ளைப் பொடி. எப்படிச் சுத்தம் செய்வது?

காக்கட்டூ, காக்கடீல், சாம்பல் கிளி மூன்றும் இயல்பாகவே பொடி தூவுபவை. உறைத் தூளும் சேர்ந்துகொள்ளும். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி காற்றில் ஏறி உங்கள் நுரையீரலுக்குத்தான் போகும், ஈரத்துணியால் துடையுங்கள். கூண்டுத் தட்டில் காகிதத்தை அடுக்காக விரித்துத் தினமும் ஒன்றை உருவி எடுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்புக் கருவி உதவும், ஓசோன் வெளிவிடும் வகை மட்டும் வேண்டாம்.

விழுந்த இறகை வைத்துக்கொள்ளலாமா?

ஒவ்வொரு சுற்றிலும் சிறகு இறகு ஒன்று, வால் இறகு ஒன்று எடுத்து, தேதி எழுதிய உறையில் போட்டுவையுங்கள். அடுத்த வருட இறகைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நிறம், பளபளப்பு, கோடு எல்லாம் தெரியும். மருத்துவரிடம் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள்.